பத்தாவது சத்தம்

"இது அப்பட்டமான மோசடி" என்று மெர்வ் மேசையைத் தட்டினான். "கேள்வி தயார் பண்றது பொண்டாட்டி. ஜெயிக்கிற டீம்ல உக்காந்திருக்கறது புருஷன். நாங்கல்லாம் காதுல பூ வெச்சுக்கிட்டா வந்திருக்கோம்?"

பப் முழுக்கச் சிரித்தது. மைக்கைப் பிடித்திருந்த நோலீனும் சிரித்தாள்.

"ராத்திரி என்ன சாப்பாடுன்னுகூட நான் ரஸ்கிட்ட முன்னாடியே சொல்றதில்ல மெர்வ். கேள்வியவா சொல்லப் போறேன்?"

"அப்போ இதுக்குப் பதில் சொல்லு. ரஸ் அவனோட குடிசைக்கு மீன் பிடிக்கப் போற வெள்ளிக்கிழமையெல்லாம் அந்த டீம் தோக்குது. அவன் வந்தா ஜெயிக்குது. அது எப்படி?"

க்ளெனிஸால் இதைப் பொறுக்க முடியவில்லை. அந்த டீமுக்குத் தலைவியும் அவள்தான், மூளையும் அவள்தான். ரஸ் பியர் வாங்கிவர மட்டுமே லாயக்கு என்பது ஊரறிந்த விஷயம்.

"தோத்தது ரஸ் இல்லாததால இல்லய்யா, நான் இல்லாததால. அப்பல்லாம் நான் அடிலெய்டுல அக்கா வீட்டுல இருந்தேன்."

மெர்வ் முணுமுணுத்தபடி உட்கார்ந்தான். இந்த வருஷத்தின் கடைசி வினாடி வினாப் போட்டி இது. ஜெயிக்கிற டீமின் தலைவர் பெயரைச் சுவரில் தொங்கும் பலகையில் தங்க நிறத்தில் எழுதுவார்கள். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் மெர்வின் பெயர். அதற்குக் கீழே உட்கார்ந்து ஷ்னிட்ஸல் தின்றது க்ளெனிஸுக்கு இன்னும் செரிக்கவில்லை.

அவளுக்கு ஒரு வியாதி உண்டு. விடை தெரிந்துவிட்டால் வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாது. பாதிரியாரின் பிரசங்கத்திலேயே எழுந்து நின்று திருத்தம் சொன்னவள் அவள்.

கடைசிச் சுற்றில் சத்தத்தைக் கேட்டு அது என்னவென்று எழுத வேண்டும். எல்லாமே நோலீன் தானே அங்குமிங்கும் அலைந்து போனில் பதிவு செய்தவை. ஒன்பது சத்தங்கள் முடிந்தபோது மெர்வ் டீமும் க்ளெனிஸ் டீமும் சமமாக நின்றன.

"பத்தாவது" என்றாள் நோலீன். "நல்லாக் கேட்டுக்குங்க. இது எந்தப் புத்தகத்துலயும் கிடையாது."

ஒலிபெருக்கியில் ஒரு முனகல் எழுந்தது. அடித்தொண்டையில் தொடங்கி, மெல்ல ஏறி, கிறீச்சிட்டு, மறுபடி முனகியது. "என் மாமியார்" என்று பின்னாலிருந்து எவனோ சொல்ல, பப் அதிர்ந்தது.

ரஸ் மட்டும் சிரிக்கவில்லை. க்ளெனிஸின் காதருகே குனிந்தான்.

"மாடு. கன்னு போடற மாடு. எழுது."

"மாடா? காது அவிஞ்சு போச்சா உனக்கு?"

"சொன்னாக் கேளு, க்ளெனிஸ். மாடுன்னே எழுது."

"சரியான விடைய வெச்சுக்கிட்டுத் தப்பா எழுதச் சொல்றியா? அந்தப் பலகையில மறுபடியும் மெர்வ் பேரைப் பாக்கணுமா நான்? போ, போய் பியர் வாங்கிட்டு வா."

அவன் போகவில்லை. அவள் அவன் கையிலிருந்த பென்சிலைப் பிடுங்கி எழுதி, சீட்டை நீட்டினாள்.

நோலீன் இரண்டு சீட்டையும் பிரித்தாள். "மெர்வ் டீம், திமிங்கலம். தப்பு. க்ளெனிஸ் டீம், சுடுதண்ணிக் குழாய்." கொஞ்ச நேரம் அந்தச் சீட்டையே பார்த்தாள். "சரி."

மெர்வ் துள்ளி எழுந்தான். "குழாயா? உலகத்துல எந்தக் குழாய் இப்படிக் கத்துது? குத்துமதிப்பா எழுதிட்டா, நீயும் தலையாட்டற."

"அதுவும் நியாயம்தான்" என்றாள் நோலீன். "வெறும் குழாய்னு யார் வேணா அடிச்சு விடலாம். க்ளெனிஸ், உனக்கு நிஜமாவே தெரியும்னா இன்னும் கொஞ்சம் விவரமாச் சொல்லு. உன் பேரை என் கையாலயே எழுதறேன்."

ரஸ் மேசைக்கடியில் க்ளெனிஸின் காலை மிதித்தான். அவள் காலை இழுத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"ஷவர்ல சுடுதண்ணிய முழுசாத் திறந்தாத்தான் இப்படிக் கத்தும். பாதி திறந்தா ஒரு சத்தமும் வராது. பக்கத்துச் சுவத்துல ஓங்கி ஒரு குத்து விட்டா அப்படியே அடங்கிடும். போதுமா மெர்வ்?"

"எனக்குப் போதும்" என்றாள் நோலீன்.

கைதட்டலில் கண்ணாடிக் கோப்பைகள் குலுங்கின. நோலீன் சுவரிலிருந்து பலகையைக் கழற்றி வந்து மேசைமேல் வைத்தாள். தூரிகையைப் பெயிண்டில் தோய்த்து, ஒவ்வொரு எழுத்தாக, அவசரமே இல்லாமல் க்ளெனிஸின் பெயரை எழுதினாள். க்ளெனிஸுக்குக் கண் கலங்கிவிட்டது. உயிர்த்தோழி கையால் எழுதின பெயர் அல்லவா.

"குத்து விட்டா அடங்கும்னு எனக்குத் தெரியாதுடி" என்றாள் நோலீன். "அதை நிறுத்த நான் பட்ட பாடு இருக்கே."

மெர்வ் தொப்பியைக் கழற்றினான். "சரிம்மா, தோத்துட்டேன். அந்தப் பாழாப்போன குழாய் எங்கதான் இருக்கு?"

நோலீன் மைக்கை மறுபடி வாயருகே கொண்டுபோனாள்.

"ரஸ்ஸோட மீன்பிடிக் குடிசைல. பொம்பளைங்க யாரும் அங்க கால் வெச்சதே இல்லையாம்."