கூரையில் முட்டிய அலமாரி

புது அலமாரியைத் தரையில் படுக்கப்போட்டுத் திருகாணிகளை முடுக்கிவிட்டு நிமிர்த்தினேன். பாதியிலேயே கூரையில் மடேரென்று முட்டியது. மாடி வீட்டுப் பெண் இறங்கி ஓடிவந்தாள். அவளோடு பேச ஆறு மாதமாக வழி தேடியவனுக்குத் தலைகால் புரியவில்லை.

"என்ன சார், பூகம்பமா?"

"அலமாரி 240 செ.மீ., கூரை 245. ஏன் நிமிர மாட்டேங்குதுன்னு தெரியலைங்க," என்றேன் அப்பாவியாக.

என் சட்டைப்பையில் இருந்த சாக்பீஸை வாங்கித் தரையில் முக்கோணம் போட்டாள். "பக்கவாட்டு அகலம்?"

"எழுபது."

"முதல்ல 240ஐ 240ஆல பெருக்குங்க."

தப்பாகப் பெருக்கினேன். தலையில் அடித்துக்கொண்டாள்.

"57,600! எழுபதை எழுபதால பெருக்கினா 4,900. கூட்டினா 62,500. வர்க்கமூலம்?"

"நீங்களே சொல்லுங்களேன்."

"250. மூலைக்கு மூலை, கூரையைவிட அஞ்சு செ.மீ. அதிகம். கழட்டிட்டு, நிக்கவெச்சே பூட்டுங்க." எழுந்தவள் சிரித்தாள். "என் அண்ணன் பொண்ணுக்குப் பள்ளிக்கூடத்துல இதைச் சொல்லிக் குடுத்ததே நீங்கதானே, கணக்கு சார்?"

வசமாக மாட்டிக்கொண்டேன். அலமாரியை முட்டவிட்டது நிஜமான முட்டாள்தனம். பெருக்கத் தெரியாததுதான் நடிப்பு.

"தெரிஞ்சுமா இவ்வளவு நேரம் சொல்லிக் குடுத்தீங்க? ஏன்?"

"உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. அதான்."