ஏழு கதவுகளுக்கு அப்பால்

பள்ளிச் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டே அவள் கேட்டாள், "அப்படி என்னடி எழுதறே?"

"பேய்க்கதை. அம்மா முதல் பக்கத்துலயே செத்துடுவாங்க. பொண்ணு ஏழு கதவு தாண்டி, அவங்களைத் தேடி ஆவி உலகத்துக்குப் போறா."

"வழியில வர்ற சூனியக்காரி நான்தானே?" சிரித்தபடி கேட்டாலும் அவளுக்கு உள்ளூரப் பயம்தான்.

"சூனியக்காரியே கிடையாது. அம்மாவைப் பார்த்துட்டுத் தனியாத் திரும்பிடறா."

"அட மக்கு! அவ்வளவு தூரம் போயிட்டு வெறுங்கையோடவா வருவா? கையோட கூட்டிட்டு வரவேண்டியதுதானே?"

பெண் பேனாவை மூடினாள். "அவங்க வந்துட்டா நீங்க எங்க போவீங்க, சித்தி?"

தன்னைச் சூனியக்காரியாகத்தான் நினைத்திருப்பாள் என்று இத்தனை நாள் சந்தேகப்பட்டவளுக்கு, அந்த முகத்தை நிமிர்ந்து பார்க்கக் கூசியது. மடித்துவைத்த சட்டையையே மறுபடி பிரித்துத் தேய்த்தாள்.

அதற்குப் பிறகும் அந்தப் பெண் அவளை அம்மா என்று கூப்பிட்டதில்லை. சித்திதான்.