சங்கு சொள்ளமாடன் வாட்ச்

“எவ்வளவு வந்தாலும் சரி ஏசுதாசு, இன்னைக்கே தள்ளி விட்டுரு. எங்கப்பா சம்பாதிச்ச கெட்ட பேரு அது. வீட்ல வச்சிருக்கவே கூசுது.”

பெரியமுத்து வந்த வேகத்தில் குடையைக்கூட மடக்கவில்லை.

“முதல்ல குடையை மடக்குங்கண்ணே. விக்காத கடிகாரமெல்லாம் நனையுது,” என்றார் ஏசுதாஸ்.

மூணாறு பஜாரில் ஒற்றை மேசை போட்ட வாட்ச் கடை அது. இரண்டு நாள் முன்பு பெரியமுத்து கொடுத்துவிட்டுப் போன பாக்கெட் வாட்ச், பின்மூடி திறந்து மேசைமேல் கிடந்தது.

“நல்ல சேதியை முதல்ல சொல்லிடுதேன். அசல் சுவிஸ்தான். இந்தா பாருங்க, கரடி முத்திரை. வெள்ளி மூடிக்கு அந்த நாட்டுல இப்படிக் குத்துவாங்க. நூறு வயசு தாண்டியிருக்கும். உள்ள தேய்மானத்துக்குப் பதினஞ்சு சிவப்புக் கல். டயல்ல ஒரு கீறல் கிடையாது. கொச்சியில பழைய பொருள் வாங்குறவருக்கு வாட்ஸ்அப்புல படம் அனுப்பினேன். உள்ள எல்லாம் அசலா இருந்தா நாப்பதாயிரம் தாரேன்னாரு.”

பெரியமுத்துவின் முகம் தெளிந்தது. அவருக்கு வேண்டியதும் அந்த நாற்பதுதான். போன மாதம் தேயிலை எஸ்டேட்டில் ரிட்டையர் ஆகிவிட்டார். லயத்து வீட்டை முப்பதாம் தேதிக்குள் காலி செய்யவேண்டும். பார்த்து வைத்திருக்கும் வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் நாற்பதாயிரம் என்று, வாட்சைக் கொடுத்த அன்றே கடையில் சொல்லியிருந்தார்.

“கெட்ட சேதி?”

“ஓடுது. ஆனா தப்பா ஓடுது. காலைல எட்டு மணிக்குச் சரியா வச்சா, சாயங்காலம் கால் மணி நேரம் முந்தி நிக்குது.”

“ரிப்பேர் பண்ணிரு.”

“இது ரிப்பேர் இல்லண்ணே, யாரோ வேணும்னே பண்ணின வேலை. இங்க ‘A’ன்னு ஒரு இங்கிலீஷ் எழுத்து இருக்கு பாருங்க. அந்தப் பக்கம் ஊசியைத் தள்ளினா வேகம். கடைசி வரைக்கும் தள்ளியிருக்கு. அதுவும் பத்தலைன்னு உள்ள வேகத்தைக் கட்டுப்படுத்துற ஹேர்ஸ்பிரிங்கை வெட்டிக் குட்டையாக்கியிருக்காங்க. அசல் ஸ்பிரிங் போச்சுன்னதும் கொச்சிக்காரர் கையை விரிச்சுட்டாரு. வெள்ளி விலைதான் தருவாராம். ஏழாயிரம்.”

பெரியமுத்து ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“மனுசன் போயி இருவது வருசமாச்சு. இன்னும் என்னை விட மாட்டேங்காரு.”

“அப்பாவுக்கு என்ன வேலைண்ணே?”

“ஃபேக்டரியில சங்கு ஊதுறது. காலைல வேலை ஏறவும் சாயங்காலம் இறங்கவும் அவர் ஊதினாத்தான் உண்டு. வெள்ளைக்காரப் பெரிய துரைக்குச் செல்லப்பிள்ளை. துரை சீமைக்குப் போறப்ப தன் வாட்சையே கழட்டிக் கொடுத்தாருன்னா பாத்துக்கோ. லயத்துல அவரை ஏசாத பொம்பளை கிடையாது. எனக்கு இப்பத்தானே விளங்குது! வாட்சை வேகமா ஓட வச்சுக் கால் மணி நேரம் முந்தியே சனங்களை மலைக்கு ஏத்தியிருக்காரு. துரைமாருக்கு ஓசி வேலை!”

மூலையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த ஏசுதாசின் அம்மா செபமாலையம்மாள் நிமிர்ந்து பார்த்தார்.

“சங்கு சொள்ளமாடன் மவனா நீ?”

“ஆமாம்மா.” வசவுக்குக் காதைக் கொடுத்தபடி தலையைக் குனிந்துகொண்டார் பெரியமுத்து.

“எங்க மேல் போர்ஷன் காலியாத்தான் கெடக்கு. நாளைக்கே சாமானைக் கொண்டாந்து எறக்கு. அட்வான்சும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.”

“அம்மா, நேத்து ஒருத்தர் அம்பதாயிரம் தாரேன்னு...” ஏசுதாஸ் இழுத்தார்.

“நீ வாயை மூடு. வாட்சை மூடி அவர் கையில குடு. உருக்கிற பொருளா அது?”

பெரியமுத்துவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. “நீங்களும் எங்கப்பா சங்குக்கு ஓடினவுகளாம்மா?”

“ஏழு வருசம் அங்க கொழுந்து எடுத்தேன்.”

“அப்ப ஏசத்தானே செய்யணும்?”

“ஏசினேனே! ஏசச் சொன்னதே உங்கப்பாதான். ‘நல்லா ஏசுங்க தாயி, அப்பத்தான் துரைமாருக்குச் சந்தேகம் வராது. பிள்ளைக காதுலயும் போட்டுராதீங்க’ம்பாரு.”

“என்ன சந்தேகம்?”

“காலைச் சங்குக்குப் புதுத் துரை பக்கத்துலயே நிப்பாரு. ஆபீஸ் கடிகாரத்தைப் பாத்து வாட்ச் முள்ளைச் சரி பண்ணிட்டுத்தான் உங்கப்பா ஊதணும். ஒரு நிமிசம் முந்த முடியாது. சாயங்காலம் துரை டென்னிசுக்குப் போயிருவாரு. அதுக்குள்ள வாட்ச் கால் மணி நேரம் முந்தியிருக்கும். இவரு ஊதிருவாரு. எவனாவது கேட்டா, ‘பெரிய துரை குடுத்த வாட்ச் பொய் சொல்லுமா’ன்னு எடுத்துக் காட்டுவாரு. அதுக்கு மேல எவன் பேசுவான்?”

ஏசுதாஸ் பூதக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து கழற்றினார். “அப்ப ஸ்பிரிங்கை வெட்டினது?”

“உங்கப்பன்தாண்டா. இதே மேசையில வச்சு.”

செபமாலையம்மாள் வாட்சை எடுத்து, தானே பெரியமுத்துவின் உள்ளங்கையில் வைத்தார்.

“பால் கட்டி ரவிக்கை நனைஞ்சு மலைமேல நிப்போம் தம்பி, கீழ ஆயா பாத்துக்கிற கிரஷ்ல பிள்ளைக வீறிட்டு அழும். இந்தா உக்காந்திருக்கானே, எத்தனை நாள் இவன் அந்தக் கால் மணி நேரத்துலதான் பால் குடிச்சான்!”