நன்றாகத் தூங்குகிற கை

வீடற்றோர் காப்பகத்தின் ஜன்னல் வெயில் மேசைமேல் சாய்ந்து கிடக்கிறது. குடியை விட்டவர்களின் தூக்கத்தை ஆராய வந்த பெண், நாடியை அளக்கும் பட்டையைத் திரும்ப வாங்கிக் கணினியில் செருகிவிட்டு, எதிரே இருப்பவரின் மணிக்கட்டைப் பார்க்கிறாள். ஒரு வாரம் கட்டியிருந்த தடமே அதில் இல்லை. தடம் அவருக்குப் பின்னால் நிற்கும் மகளின் கையில், சின்ன வளையல்போல் சிவந்திருக்கிறது. அவர் தலையைச் சொறிகிறார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. எனக்குப் பொட்டுத் தூக்கம் கிடையாது. அதைப் பாத்துட்டு, மறுபடியும் குடிக்கிறான்னு இவளை எங்கிட்டேருந்து பிரிச்சுட்டா? அதான் பாப்பா கையில கட்டிவிட்டேன். இவ படுத்தா இடி விழுந்தாலும் எழுந்திரிக்க மாட்டா." சொல்லும்போதே முகத்தில் பெருமை. மின்விசிறி கடகடக்கிறது. திரையில் நாடியின் கோடு வருகிறது. தூங்கியவர்களின் கோடு அடங்கிப் படுத்துவிடும். இது ஒவ்வோர் இரவும் விடிய விடிய முள்வேலியாக நிமிர்ந்து நிற்கிறது. "நல்லாத் தூங்கியிருக்காளா?" என்று கேட்கிறார் அப்பா. ஆராய வந்த பெண் வாயைத் திறக்கிறாள். அவர் தோளுக்குப் பின்னாலிருந்து அவளையே பார்த்தபடி, சிறுமி உதட்டின்மேல் விரலை வைக்கிறாள்.