வேதாசலம் போட்ட கேஸ்

தன் வீட்டில் வாடகைக்கு இருக்கும் பாக்கியமேரியைக் காலி பண்ண வேதாசலம் கேஸ் போட்டுவிட்டார் என்று தெரிந்ததும் உத்திரமேரூர் கடைத்தெருவே அவரைத் திட்டியது.

"இருமி இருமிச் சாவப்போற வயசுல இன்னாத்துக்கு இந்தப் பாவம்? ரெண்டு பொண்ணுங்கள வச்சிக்கினு அவ எங்க போவா?"

பாக்கியமேரிக்கு ஒன்றும் புரியவில்லை. சேரியிலிருந்து வந்து தையல் மிஷின் போட இடம் கேட்டபோது, தெருவில் எல்லோரும் கதவைச் சாத்தினார்கள். வீடு கொடுத்தவர் இதே வேதாசலம். கல்யாணம் நிச்சயமான மகன் சடையப்பன், "பொண்ணு வூட்டுக்காரங்க ஒரு மாதிரி பேசறாங்க, அவள காலி பண்ணு" என்று குதித்தபோதெல்லாம் அடக்கியவரும் அவர்தான்.

இப்போது நோட்டீஸில் அவர் கையெழுத்து.

நேரே போய்க் கேட்டாள். "நைனா, நான் இன்னா தப்பு பண்ணேன்?"

"அத்த கோர்ட்டுல வந்து கேளு. வக்கீலு கிக்கீலு வைக்காதே, தண்டம்."

வக்கீல்கூட வைக்கக் கூடாதாமே என்று தெரு இன்னும் கொதித்தது.

புது வாடகைச் சட்டப்படி, தக்க காரணம் இல்லாமல் குடியிருப்பவரைக் கிளப்ப முடியாது. மகன் குடியிருக்க வீடு வேண்டும் என்பது வேதாசலம் சொன்ன காரணம்.

காஞ்சிபுரத்தில் விசாரணை. அதிகாரி கேட்டார்.

"உங்க மகனுக்கு வேற வீடு இல்லையா?"

"கீதுங்க. பெரிய தெருவுல சும்மா பூட்டிக் கெடக்குது."

"அது குடியிருக்க லாயக்கில்லையோ?"

"சேச்சே! இத்தவிடப் பெருசுங்க. கெணறுகூட கீது."

"நைனா! இன்னா பேசறே நீ?" என்று சடையப்பன் எழுந்தான். சேவகர் அவனை உட்கார வைத்தார். வேதாசலத்தின் வக்கீல் கிருஷ்ணசாமி, பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

மனு தள்ளுபடி.

பாக்கியமேரிக்குச் சந்தோஷப்படக்கூடத் தோன்றவில்லை. கேஸ் போட்டவரே எதிராளிக்குச் சாட்சி சொல்வாரா? வெளியே வந்து தூணோரம் நின்றாள். வேதாசலம் அவளைப் பார்க்காமல் சோடாக் கடைப் பக்கம் போய்விட்டார்.

சடையப்பன் வக்கீலைப் பிடித்துக்கொண்டான்.

"கெழவனுக்கு மூள கலங்கிப்பூடுச்சி சார். போவட்டும். அவருக்கப்புறம் வூடு எனக்குத்தான? அப்ப இதே காரணத்தச் சொல்லி நானே போடறேன்."

"முடியாது தம்பி. ஒரு தடவை தள்ளுபடியான காரணத்தை மறுபடி கிளப்பச் சட்டம் விடாது. அவருக்கும் சரி, அவருக்கப்புறம் வர்ற உனக்கும் சரி."

"அடப்பாவமே! இத்த நைனாகிட்ட முன்னாடியே சொல்றதுக்கு இன்னா சார்?"

கிருஷ்ணசாமி ஒருமுறை சோடாக் கடையைப் பார்த்தார்.

"சொல்லாம இருப்பேனா? அதை ரெண்டு தரம் கேட்டு உறுதி பண்ணிக்கிட்ட அப்புறம்தானே, கேஸைப் போடுங்கன்னாரு!"