தம்பி விற்ற கார்

“பெட்டரி செத்துப்போச்சுன்னு ஒங்க வாயால ஒரு வார்த்த சொல்லுங்க ஸப்வான். எனக்கு அது போதும்.”

காரிலிருந்து இறங்கும்போதே தங்கேஸ்வரி டீச்சர் இப்படி ஆரம்பித்ததும் ஸப்வான் கொஞ்சம் மிரண்டுதான் போனான். மாத்தளை டவுனில் மின்சாரக் கார்களுக்கு வைத்தியம் பார்ப்பவன் அவன். டீச்சர் வீட்டுக்குச் சார்ஜர் பூட்டிக் கொடுத்தவனும் அவன்தான்.

டீச்சர் பட்டுச்சேலையில் வந்திருந்தாள். முகத்தில் மட்டும் விசேஷக் களை இல்லை.

விசேஷம் அவளுடைய தம்பி ரஜீவன் வீட்டில். அவன் மகள் மதுராவுக்கு அன்று பூப்புச் சடங்கு. முதல் தண்ணீர் ஊற்ற வேண்டிய அத்தை இங்கே கராஜில் நிற்கிறாள். எல்லாம் இந்தக் காரால் வந்த வினை. அதை விற்றவன் அதே ரஜீவன்தான்.

“அக்காவுக்குன்னு பார்த்துப் பார்த்து எடுத்த கார். ஒருக்கா சார்ஜ் பண்ணினா நாவுலவுக்குப் போயிட்டு வந்தும் மிச்சம் இருக்கும்” என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லித்தான் சாவியைக் கொடுத்தான். கூடப்பிறந்தவன் பேச்சை நம்பாமல் வேறு யார் பேச்சை நம்புவது?

அவள் கணவர் உருத்திரமூர்த்திக்கு நாவுலவில் அரசாங்க உத்தியோகம். முன்பிருந்த பெற்றோல் காரின் பில்லைப் பார்க்கும்போதெல்லாம் தங்கேஸ்வரிக்கு வயிறு எரியும்.

“நாவுலவுக்குப் போய்வர இவ்வளவு பெற்றோலாங்க?”

“பழைய எஞ்சின் ஈஸ்வரி. மொடாக்குடி குடிக்குது. நான் என்ன செய்ய?”

அதைத் தள்ளிவிட்டு மின்சாரக் கார்தான் எடுக்க வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றவரும் அவரே. எஞ்சின் ஒயில் மாற்ற வேண்டியதில்லை, கூரையில் சோலார் இருக்கிறது, வெயில் அடிக்கிறவரை ஓடலாம், இனி ஒரு பில்லும் வராது என்று படித்துப் படித்துச் சொன்னார். பில் வராது என்பதில் அவளுக்கும் சந்தோஷம்தான்.

அந்தச் சந்தோஷம் ஒரு வருஷம்கூட நிலைக்கவில்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் கார் குற்றுயிரும் குலையுயிருமாக வீடு வந்து சேர்ந்தது. மற்ற நாட்களில் ஒரு நோவும் இல்லை.

“ஒன் தம்பி நம்ம தலையில நல்லா மொளகா அரைச்சிட்டான்” என்றார் உருத்திரமூர்த்தி. “நல்லவேள, நான் ஒத்தப் புள்ள. கூடப் பொறந்ததுங்கன்னு யாரும் இல்லாததால தப்பிச்சேன்.”

அது தங்கேஸ்வரிக்குச் சுருக்கென்று தைத்தது. தூக்கி வளர்த்த தம்பி, புருஷன் முன்னால் தன்னை இப்படித் தலைகுனிய வைத்துவிட்டானே என்று தனியே இருந்து அழுதாள். “காரைக் கொண்டாங்கக்கா, பார்ப்போம்” என்று ரஜீவன் கெஞ்சியதெல்லாம் அவள் காதில் ஏறவில்லை.

சடங்குக்கு அழைக்க வந்தவன் நீட்டிய வெற்றிலைத் தட்டை அவள் கையாலும் தொடவில்லை.

“அத்த வராம எப்படிக்கா? மதுரா ஒங்களத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா.”

“நீ வித்தியே ஒரு காரு, அத வந்து தண்ணி ஊத்தச் சொல்லு.”

ரஜீவன் தட்டோடு திரும்பிப் போனான்.

காரை எவனிடமும் காட்டக் கூடாது, காட்டினால் காசைத்தான் பிடுங்குவான் என்பது உருத்திரமூர்த்தியின் கட்டளை. அன்று அவர் ஒப்பீஸ் வேலையென்று கொழும்புக்கு பஸ் ஏறியிருந்தார். தங்கேஸ்வரி சாவியை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டாள். ஸப்வான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நேரே சடங்கு வீட்டுக்குப் போய், சொந்தபந்தம் எல்லாம் கூடியிருக்கிற இடத்தில் தம்பியை நாறடித்துவிட்டுத்தான் மறுவேலை.

ஸப்வான் கால்மிதியை எடுத்து உதறினான். காய்ந்துபோன அட்டைப்பூச்சி ஒன்று தரையில் விழுந்தது.

“காட்டு அட்டை டீச்சர். எங்கயோ ஈரத்துல மிதிச்சிருக்காங்க.”

“அவரு காரக் கழுவினாத்தானே” என்று அலுத்துக்கொண்டாள் தங்கேஸ்வரி. அவள் நினைப்பெல்லாம் சடங்கு வீட்டில் இருந்தது.

ஸப்வான் கருவியை மாட்டிப் பார்த்தான். ரத்தோட்டைப் பக்கம் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தான். திரும்பி வந்து மறுபடியும் மாட்டிப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான்.

“பெட்டரியில ஒரு குத்தமும் இல்ல டீச்சர். தம்பி நல்ல சாமானாத்தான் தந்திருக்காரு. இன்னும் பல வருஷம் ஓடும்.”

தங்கேஸ்வரிக்கு வெற்றிலைத் தட்டோடு படியிறங்கிப் போன தம்பியின் முதுகு கண்முன்னே வந்து நின்றது. இந்நேரம் அங்கே வேறு யாரோ முதல் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள்.

“அப்ப நாவுலவுக்குப் போயிட்டு வந்தா மட்டும் ஏன் செத்துப்போகுது?”

“நாவுல என்ன டீச்சர் நாவுல! அதுக்கெல்லாம் இந்தக் கார் சளைக்காது” என்று சிரித்தான் ஸப்வான். “நாவுலப் பக்கமே இல்லாத றிவஸ்டன் மலையில ஏறி அந்தப் பக்கம் எறங்கி, திரும்பவும் ஏறி வந்தா எந்தக் கார்தான் தாங்கும்? போன மாசம் அங்க சார்ஜ் தீந்து கெடந்தப்ப உருத்திரமூர்த்தி சேர் என்னத்தானே கூப்பிட்டாரு. அங்கயும் ஒரு சார்ஜர் பூட்டிட்டா சரியாப் போயிரும்.”

“எங்க?”

“பல்லேகமவுல டீச்சர், சேரோட தங்கச்சி வீட்டுல.”