யாளி பேசிய பாஷை

இருபத்து மூன்று நாளாகத் தாயுமானவன் அந்தக் கதவின் முன்னால்தான் கிடக்கிறான். காலை டிபன் அங்கே, மத்தியானச் சாப்பாடு அங்கே. தட்டிப் பார்த்தான், இடித்துப் பார்த்தான், நெருப்பு வைத்தும் பார்த்தான். திறக்கிற வழியாக இல்லை.

கதவு இருந்தது கம்ப்யூட்டர் திரையில். தாயுமானவன் இருந்தது மன்னார்புரத்தில், சொந்த வீட்டு ஹாலில், சுழலும் நாற்காலியில்.

மாயாஜாலப் புத்தகம், சினிமா, வீடியோ கேம் என்று எது வந்தாலும் கிழித்துத் தோரணம் கட்டுவதுதான் அவன் தொழில். ‘மந்திரக்கோல்’ என்ற அவனுடைய யூடியூப் சேனலை மூன்று லட்சம் பேர் பார்க்கிறார்கள். அவன் கையால் மூன்று நட்சத்திரம் வாங்கியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதற்கு ஒரு கையே அதிகம்.

இன்று அவனுக்குப் பக்கத்து நாற்காலியில் சௌமியா உட்கார்ந்திருந்தாள். ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடி போர்ஷனில், இன்னும் ஐந்து பேரோடு சேர்ந்து நான்கு வருஷம் உழைத்து ‘யாளி வாசல்’ என்ற கேமை உருவாக்கியவள். வெளிவருவதற்கு முன்பே விமர்சனத்துக்காக அவனுக்கு மட்டும் அதை அனுப்பியிருந்தாள்.

அதை வெளியிட இருந்த பெங்களூர்க் கம்பெனி, தாயுமானவன் மூன்று நட்சத்திரமாவது கொடுத்தால்தான் கையெழுத்து என்று சொல்லிவிட்டது. இல்லையென்றால் திங்கட்கிழமையிலிருந்து ஆறு பேரும் வேறு வேலை தேட வேண்டும்.

“சார், அந்தக் கதவு...” என்று ஆரம்பித்தாள் சௌமியா.

“படைச்சவங்க பேசக் கூடாதும்மா. படைப்புதான் பேசணும். அது என் கொள்கை.”

கொள்கை உள்ள மனிதன். எண்ணூறு பக்க நாவலாக இருந்தாலும் முதல் அத்தியாயத்தையும் கடைசி அத்தியாயத்தையும் படிக்காமல் விமர்சனம் சொல்ல மாட்டான்.

சரியாக ஐந்து மணிக்கு நேரலை தொடங்கியது. நாலாயிரத்துச் சொச்சம் பேர் வந்து சேர்ந்தார்கள். தாயுமானவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, திரையில் கதவுக்கு மேலே உட்கார்ந்திருந்த கல் யாளியைக் காட்டினான்.

“நண்பர்களே, இது என்ன சொல்லுதுன்னு நல்லாக் கேளுங்க.”

இத்தனை நாளும் அவன் ஹெட்போனில்தான் கேட்டிருந்தான். இன்று ஸ்பீக்கரில், வீடே அதிர முழங்கியது யாளி. “கசாகவி... கபின்கனாகடி!”

“கேட்டீங்களா? இது சுமேரியன். நடுவுல கொஞ்சம் பாலி கலந்திருக்கு. மூணு வாரம் தூங்காம ஆராய்ச்சி பண்ணியிருக்கேன். ‘கசாகவி’ன்னா இருளின் அரசன். ‘கபின்கனாகடி’ன்னா ரத்தம் கேட்கிறான். ‘க’ங்கிற சத்தம் எத்தனை தடவை வருது பாருங்க. காக்காவைக் கும்பிட்ட ஒரு இனத்தோட மொழியாத்தான் இருக்கணும்.”

சௌமியாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “சார், அது நாங்க ஸ்கூல் படிக்கிறப்ப எங்க தெருப் பொண்ணுங்க எல்லாம்...”

“பெண்கள் மட்டுமே பேசிய ரகசிய மொழி!” தாயுமானவன் கேமராவைப் பார்த்துக் கண்ணை விரித்தான். “தாய்வழிச் சமூகம், நண்பர்களே! இவங்களுக்கே தெரியாம உள்ள வந்திருக்கு. அதை எடுத்துச் சொல்லத்தான் விமர்சகன்னு ஒருத்தன் வேண்டியிருக்கு.”

நாலாயிரம் பேரும் கைதட்டும் பொம்மைகளை அனுப்பினார்கள். அவனுக்கு உச்சி குளிர்ந்தது.

“சரி, ரத்தம்தானே கேட்டுச்சு? என் படையில இருந்த பன்னிரண்டு பேரையும் இதே வாசல்ல பலி குடுத்தேன். கதவு திறந்துச்சா? இல்லை. ஏன்னா கேம்ல கோளாறு! மொழிக்கு இவ்வளவு மெனக்கெட்டவங்க, ஒரு கதவை ஒழுங்காப் பண்ணலை.”

“ஒரே ஒரு நிமிஷம் பேச விடுங்க சார். ஆறு பேர் பொழப்பு.”

“விமர்சகன் இளகினா அப்புறம் கலை என்னம்மா ஆகிறது?” என்றவன் கேமரா பக்கம் திரும்பி ஒற்றை விரலை உயர்த்தினான். “யாளி வாசல், அஞ்சுக்கு ஒண்ணு!”

அந்த நேரம் பார்த்து அவன் மனைவி மட்டுவார்குழலி இரண்டு டம்ளர் காபியோடு உள்ளே வந்தாள். இருவருக்கும் மலைக்கோட்டைச் சாமிகளின் பெயரே அமைந்துவிட்டதால், வேறு பொருத்தம் எதுவும் பார்க்காமல் கட்டிவைத்த கல்யாணம். அவன் சேனலை அவள் பார்ப்பதில்லை, அவளிடம் அவன் எதையும் கேட்பதில்லை.

காபியை மேஜையில் வைக்கும்போது யாளி மறுபடியும் முழங்கியது. “கசாகவி... கபின்கனாகடி!”

மட்டுவார்குழலி திரையைப் பார்த்தாள். அப்புறம் களுக்கென்று சிரித்துவிட்டாள். “அட, கபாஷை! எங்க ஸ்கூல்ல டீச்சருக்குத் தெரியக் கூடாதுன்னா நாங்க இப்படித்தான் பேசுவோம். ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னாடி ஒரு ‘க’ போட்டுக்கணும்.”

“ஆமாங்கக்கா!” என்று நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள் சௌமியா. மைக் ஓடிக்கொண்டிருந்தது. நாலாயிரத்துச் சொச்சம் பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

தாயுமானவனின் தூக்கிய விரல் இன்னும் இறங்கவில்லை. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் முதல் தடவையாக மனைவியிடம் ஒரு விளக்கம் கேட்டான். “அப்ப... அது என்னதான் சொல்லுது?”

“‘க’வை எல்லாம் எடுத்துட்டுக் கேளுங்க. ‘சாவி பின்னாடி’ங்குது!”